கடைசி மரம் வரைக்கும் பெட்ரோல்

என் பிரியமுள்ள சகாயம் அண்ணாவுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தவரை எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வண்டியில் போய் வருகிறவர்களில் யார் யாருக்குக் கடிதம் எழுதுவது? போதகர் ஐயாதான் சபைப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி நாலு வரி கேட்டார். "ஆஸ்பத்திரி மோட்டார் டிரைவர் தேவசகாயம் சாந்தமானவர், உத்தமர்" என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். படிக்கிறவர்கள் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும்.

உன்னிடம் சேர்க்க வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. ஆனால் வண்டி எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்லாவிட்டால் மற்ற எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். வண்டி நன்றாக இருக்கிறது அண்ணா. நடுவில் கொஞ்ச நாள் நன்றாக இல்லை. இப்போது நன்றாக இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வியாழக்கிழமை தோறும் எங்கள் ஆஸ்பத்திரி மோட்டார் வேலூரிலிருந்து ஆம்பூர் ரோட்டில் கிளம்பும். ஓட்டுகிறவன் என் அண்ணன், பக்கத்தில் நர்ஸாகிய நான், பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே டாக்டரம்மா. வழியில் ஒவ்வொரு மரத்தடியிலும் நிறுத்தி வைத்தியம் பார்ப்போம். பள்ளிகொண்டா வேப்பமரம், மாதனூர் புளியமரம் என்று மரங்கள்தான் எங்களுக்கு ஊர்கள். ஆம்பூரைத் தாண்டி, தோல் பதனிடும் ஷாப்புகளின் பின்பக்கம், ஒரு ஆலமரம். அதைக் கடைசி மரம் என்போம்.

கடைசி மரத்தடிக்கு வருகிறவர்கள் பெருவியாதிக்காரர்கள், குஷ்டரோகிகள். ஊரை விட்டுத் தள்ளிக் குடிசை போட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்களை ரயிலில் ஏற்ற மாட்டார்கள், பஸ் படியில் கால் வைக்கும்போதே இறக்கிவிடுவார்கள். மரத்துப்போன பாதத்தோடு நடந்தால் புண் இன்னும் பெரிதாகும். வாரா வாரம் ஊசி போட்டுப் புண்ணைக் கழுவிக் கட்டினால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. எங்கள் வண்டி வந்தால் உண்டு, வராவிட்டால் ஒன்றும் இல்லை.

வண்டிக்கு ஆஸ்பத்திரி கொடுப்பதோ அளந்த பெட்ரோல். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கேட்டாலும் கிடைக்காது. மற்ற யார் ஓட்டினாலும் அந்தப் பெட்ரோல் மாதனூர் போய் வரத்தான் காணும். நீ ஓட்டினால் கடைசி மரம் வரைக்கும் போய் வீடு வந்து சேரும்.

உன்னோடு வண்டியில் போவது எவ்வளவு பேஜார் என்று உனக்குத் தெரியுமா அண்ணா? விடிந்ததும் விடியாததுமாக நாலு டயருக்கும் பம்பால் காற்றடிப்பாய். ஒரு டயர் துளி சப்பையாக இருந்தாலும் வண்டி எடுக்க மாட்டாய். டின்னில் வரும் பெட்ரோலை ஆம்பூரில் வாங்கிய மெல்லிய ஆட்டுத் தோலில் வடிகட்டித்தான் ஊற்றுவாய். தண்ணீர் தோலில் தங்கிவிடும், பெட்ரோல் மட்டும் இறங்கும். அதைப் பால் வடிகட்டுகிற சிரத்தையோடு பார்த்துக்கொண்டு நிற்பாய். டாக்டரம்மா மணியைப் பார்ப்பார்கள், நான் பல்லைக் கடிப்பேன்.

வண்டி எடுத்த பிறகாவது வேகமாகப் போவாயா? பக்கத்தில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்பதுபோல் மெள்ள மெள்ள மிதிப்பாய். தூரத்தில் தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடுவாய். வண்டி தானாக உருண்டு கிட்டே போவதற்குள் அவர்கள் ஒதுங்கியிருப்பார்கள். "ப்ரேக்க மிதிக்கிறவன் பெட்ரோல ரோட்ல ஊத்தறான் எஸ்தரு" என்பாய். பஸ்காரன் ஒருத்தன் நம்மைத் தாண்டும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டி, "இன்னா டிரைவரே, வண்டி ஓட்றியா, மேய்க்கிறியா?" என்று கேட்பான். நீ சிரிப்பாய். எனக்குத்தான் மானம் போகும்.

ரயில்வே கேட் மூடியிருந்தால் உடனே இஞ்சினை அணைப்பாய். மரத்தடியில் நிறுத்தினாலும் அப்படியே. திரும்பக் கிளப்ப வண்டி முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டுமே என்ற அலுப்பே உனக்குக் கிடையாது. வண்டியில் வேண்டாத பாரம் ஒன்றும் ஏற விடமாட்டாய். நோயாளிகள் உட்கார நான் ஆசையாக ஏற்றிவந்த இரும்பு ஸ்டூலை இறக்கி வைத்துவிட்டு, "மரத்துக்கு வேர் இல்ல? அது மேல குந்துவாங்க" என்றாய். நான் முறைத்ததும், "நீயும் சோத்த கொஞ்சம் கம்மி பண்ணு" என்றாய். அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை.

குப்பம்மாவை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ஆட்டுத் தோலில் மயிர் வழித்துக்கொண்டிருந்தவள். கையில் திட்டு வந்ததும் வேலையை விட்டு அனுப்பினார்கள், பிறகு வீட்டை விட்டும் அனுப்பினார்கள். விரல்கள் மடங்கிவிட்டன, இடது பாதத்தில் ஆறாத புண். வாய் மட்டும் நன்றாக இருந்தது. அந்த மரத்தடியில் யாராவது சிரித்தால் அது குப்பம்மா சொன்ன பேச்சுக்காகத்தான் இருக்கும்.

அந்த வெயில் காலத்து வியாழக்கிழமை. ஆம்பூர் தாண்டி மண்மேடு ஏறும்போது வண்டி கொதித்து ஆவி விட்டது. வண்டிக்கென்று நீ கொண்டுவரும் நல்ல தண்ணீர் கேன் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் கிணறு இருந்தது, ஆனால் தோல் ஷாப் ஓரத்துக் கிணறு, வாயில் வைக்க முடியாத உப்பு. "அதை ஊற்றேன்" என்றேன். "உப்புத் தண்ணி ஊத்துனா உள்ள சுண்ணாம்பு கட்டிக்கும். அப்பால சூடு ஏறும், பெட்ரோல் குடிக்கும், அடுத்த வாரம் இங்க வர முடியாது" என்று சொல்லிவிட்டு, அம்மா காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்த குடிதண்ணீரை அப்படியே ரேடியேட்டரில் கவிழ்த்தாய்.

பிறகு உனக்குத் தாகம் எடுத்தது. குப்பம்மா பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்து வந்த தண்ணீர் ஒரு சொம்பு வைத்திருந்தாள். நீதான் கேட்டாயாம், மரத்தடி ஜனங்கள் பிறகு சொன்னார்கள். அவள் பயந்துபோய்ச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாளாம். நீ எடுத்து, வாய் வைத்துக் குடித்துவிட்டு, சொம்பை அவள் கையில் கொடுத்தாயாம். நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை. திரும்பும் வழியில், "குப்பம்மா தண்ணி தித்திப்பா இருந்திச்சி" என்று மட்டும் சொன்னாய். வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னாய்.

அந்த மாதமே உனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. நம் ஆஸ்பத்திரியிலேயே, நான் வேலை செய்கிற வார்டிலேயே கிடந்தாய். ஜுர வேகத்திலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டயருக்குக் காத்து அடிச்சாங்களா?" என்று கேட்டாய். "அடிச்சாங்க அண்ணா" என்று சொல்லிச் சொல்லித்தான் உனக்குத் துணியை நனைத்து நெற்றியில் போட்டேன். எத்தனை பேரைப் பிழைக்க வைத்த வார்டு அது. உன்னை ஏன் விட்டது?

உன்னைப் புதைக்க எடுத்தபோது மரத்தடி ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "அந்த வியாதிக்காரி குப்பம்மா குடுத்த தண்ணிதான் என் புள்ளைய வாரிக்கினு போச்சு!" என்று கதறினாள். பெற்ற வயிறு, யாரைக் குறை சொல்வது? டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்த மாசம் உங்க தெருவுலயே காய்ச்சல் இருக்கு. எந்தத் தண்ணின்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்கள். அம்மா கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் அம்மா சொன்னதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

உன் இடத்துக்கு வரதன் என்று ஒருவர் வந்தார். ஊர் கலவைப் பக்கம். பட்டணத்தில் ஒரு வியாபாரிக்கு வண்டி ஓட்டியவர். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக் கூடாது. கால்தான் கனம். எடுக்கும்போது சீறும், நிறுத்தும்போது மருந்துப் பெட்டி என் மடிக்கு வரும். மரத்தடியில் நாங்கள் வைத்தியம் பார்க்கும் நேரமெல்லாம் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டால், "ஹாண்டில் சுத்தறது பேஜாரு சிஸ்டர்" என்பார். முதல் நடையிலேயே திரும்பும்போது பள்ளிகொண்டா பக்கம் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டோம். பட்டை வண்டி மாடுகள் இரண்டை அவிழ்த்துக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா உள்ளே, வரதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நான் பின்னால் நடந்து வந்தேன். அந்தப் பஸ்காரன் பார்த்தான். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை அவன், தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மறுநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "கடைசி மரத்தை விட்டுடலாம் எஸ்தர். மாதனூரோட திரும்பிடலாம். வர முடிஞ்சவங்க அங்க வரட்டும்" என்றார்கள். வர முடிந்தவர்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியும். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பஸ்ஸில் போய் வருகிறேன் என்றேன். டாக்டர் இல்லாமல் நர்ஸ் தனியாகப் போகக் கூடாது என்று மேலிடத்தில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அப்படியே வாரங்கள் போயின. ஒரு வியாழக்கிழமை மாதனூர் புளியமரத்தடியில், கடைசி மரத்து மாணிக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். விடியுமுன்னே கிளம்பி நடந்து வந்திருக்கிறார். பாதக்கட்டு முழுக்க ரத்தம். "மத்தவங்கள்லாம் எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது சிஸ்டர். குப்பம்மாதான் ரொம்ப மோசம். காலு புண்ணு ஜாஸ்தியாயிட்டு நாத்தம் அடிக்குது."

"நடக்க முடியல, சரி. உங்ககிட்ட மருந்து குடுத்து அனுப்பறேன்."

"வாங்கிக்க மாட்டா. நான் குடுத்த தண்ணியில டிரைவர் தம்பி பூட்டாரு, எனக்கு இன்னாத்துக்கு மருந்துன்றா. அவங்கம்மா வாயாலயே சொன்னாங்களாமே சிஸ்டர்? பொழுதினிக்கும் அதையே சொல்லிக்கினு கீறா."

மருந்து கொடுத்துத்தான் அனுப்பினேன். அவர் சொன்னபடியே அவள் அதைத் தொடவில்லை என்று பிறகு சேதி வந்தது. யாராவது அவள் முன்னால் போய் நின்று, அவள் காலைக் கையில் எடுத்துச் சொன்னால்தான் கேட்பாள். அந்த யாராவது நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. நடுவில் இருந்தது கொஞ்சம் பெட்ரோல்.

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "மாதனூர்ல டாங்க்ல குச்சி விட்டுப் பார்க்கலாம். அண்ணன் போட்ட கோட்டுக்கு மேல பெட்ரோல் இருந்தா ஆம்பூர் தாண்டலாம். இல்லன்னா திரும்பிடலாம்" என்றேன். கடைசி மரம் போய் வீடு திரும்ப இவ்வளவு வேண்டும் என்று நீ அளவுக் குச்சியில் கத்தியால் கிழித்து வைத்த கோட்டைத்தான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள்.

வரதனை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரிய பாடாகிவிட்டது. உன் பழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? "உங்க அண்ணன் மாதிரி மெதுவா போறதுக்கு நடந்தே போலாமே சிஸ்டர். வண்டி இன்னா அவரு கட்டுன பொண்டாட்டியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். மறுநாள் விடியற்காலையில் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே டயருக்குக் காற்றடித்தேன். வார்டு ஜன்னலில் தலைகள் முளைத்தன. "நர்ஸம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று தோட்டக்காரர் கேட்டார். மரத்தடியில் வரதன் இஞ்சினை அணைக்காமல் இறங்கியபோது, "அணைங்க, நான் சுத்தறேன்" என்று ஹாண்டிலை எடுத்துக்கொண்டேன். ஒரு சுற்றுக்கூடச் சுற்ற வரவில்லை, கை சுளுக்கிக்கொண்டது. ஜனங்கள் எல்லாம் பார்க்கிறார்கள். மனுஷர் வெட்கப்பட்டு ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மரத்தடியில் இஞ்சின் சத்தம் இல்லை.

அப்படியும் மாதனூரில் குச்சி உன் கோட்டுக்குக் கீழேதான் நனைந்தது. மறு வாரமும் அப்படியே. திரும்பும் வழியெல்லாம் எனக்குக் குப்பம்மாவின் பாதம்தான் கண்ணில் நின்றது.

நீ சனிக்கிழமை தோறும் ஷெட்டில் வண்டியை நியூட்ரலில் போட்டு ஒற்றைக் கையால் தள்ளிப் பார்ப்பாயே, ஞாபகம் வந்தது. எதற்கு என்று அப்போது நான் கேட்டதுமில்லை, நீ சொன்னதுமில்லை. போய்த் தள்ளினேன். அசையவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினேன், அப்போதும் அசையவில்லை. வரதன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து தானும் ஒரு தள்ளுத் தள்ளினார். முகம் மாறிவிட்டது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"ப்ரேக் புடிச்சிக்கினே கீது சிஸ்டர்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "காலை எடுத்தாலும் வுடல. இத்தினி நாளா ப்ரேக்கையும் சேத்து இழுத்துக்கினு ஓட்டியிருக்கேன். எனக்குத் தெரியாம பூடிச்சே!"

அவர் தொழில்காரர் அண்ணா. தன் கையில் இருக்கிற வண்டி அப்படி இருந்ததே என்ற ரோஷம் பிடித்துக்கொண்டது. அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை. ப்ரேக்கைச் சரி செய்தார், ப்ளக்குகளைக் கழற்றித் தேய்த்தார், ரேடியேட்டர் குழாயைப் பிரித்தார். பிரித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நம் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் படிந்திருக்குமே, அதுபோல் வெள்ளை வெளேரென்று கட்டியிருந்தது. கண்ட கிணற்றுத் தண்ணீரையும் அவர் ஊற்றிய வினை.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ அன்றைக்குச் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. இதற்காகவா உன் தண்ணீரை எடுத்து இதற்குள் ஊற்றினாய் என்று உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வண்டி பிழைத்துக்கொள்ளும், கழுவினால் போகிற சுண்ணாம்பு. நீ ஏன் அன்றைக்குத் தாகமாக நின்றாய்? வரதன் வண்ணான் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மாவோடு வேறு சண்டை. கடைசி மரத்துக்குப் போகப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "ஒருத்தன வாரிக் குடுத்தது போதாதாடி? உன்னையும் குடுக்கணுமா?" என்று கத்தினாள். எனக்கும் பொறுக்கவில்லை. "குப்பம்மா மருந்து வாங்க மாட்டேங்கிறாம்மா. நீ சொன்னதுதான் அவ காதுல விழுந்திருக்கு. நீ சொன்னத அப்படியே நம்பிக்கினு குந்திக்கினு கீறா. காலு அழுகிப் போகுது" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வியாழக்கிழமை காலை நான் கிளம்பும்போது அடுப்பங்கரை வாசலில் இரண்டு கேன்கள் மூடி வைக்கப்பட்டிருந்தன. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். "இது வண்டிக்கு, இது குடிக்க" என்றாள் அம்மா. "அந்த டிரைவர் புள்ளகிட்ட சொல்லு, மாத்தி ஊத்திடப் போறான்." என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேன்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியதும் பின்னாலிருந்து, "அவ கால நல்லா கழுவிக் கட்டுடி" என்றாள்.

அன்று வரதன் ஓட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருமுறைகூடச் சீறவில்லை. மாட்டு வண்டி தெரிந்ததும் காலை எடுத்தார். உருண்டுகொண்டே போனோம். ரயில்வே கேட்டில் நான் சொல்வதற்கு முன்னே அணைத்தார். மாதனூரில் குச்சியை விட்டு எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார். ஈரம் உன் கோட்டுக்கு மேலே, நன்றாக மேலே. டாக்டரம்மா குச்சியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "போலாம்" என்றார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன் அண்ணா. நீ போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். ஆம்பூர் தாண்டும்வரை குப்பம்மாவிடம் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் நன்றாகத் திட்டுவது என்று முடிவு செய்திருந்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டு ஜனங்கள் குடிசைகளிலிருந்து வந்தார்கள். சிலர் ஓட முயன்று விழுந்தார்கள். மாணிக்கம் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். எல்லோரையும் பார்த்துவிட்டு, "குப்பம்மா எங்க?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஞாயித்துக்கெழமை பூட்டா சிஸ்டர். நஞ்சு மேல ஏறிடிச்சி. தூக்க ஆளில்ல, நாங்களே தூக்கிக்கினு போய் ஆத்தோரம் பொதச்சோம்."

டாக்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அழக்கூட நேரமில்லை, ஜனங்கள் கைகளை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊசி போட்டேன். ஒவ்வொரு காலாகக் கழுவிக் கட்டினேன். அம்மா சொன்னபடி நன்றாகக் கழுவிக் கட்டினேன், யார் யார் காலையோ. வரதன் யாரும் கேட்காமலே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். கடைசியில் மாணிக்கத்திடம், "அவ கடைசியா இன்னா சொன்னா?" என்று கேட்டேன். "இன்னா சொல்வா, அந்தத் தண்ணி பேச்சதான்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "வந்தாளா? கால கட்டுனியா?" என்றாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அழவில்லை. ராத்திரிச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டாள்.

நேற்று நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு எழுதற?" என்று கேட்டாள். "அண்ணனுக்கு" என்றேன். பைத்தியமா உனக்கு என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். அம்மா சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன் அண்ணா, இந்தச் சேதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

"எழுது. குப்பம்மா அங்க வந்திருப்பா. வேற சாமிய கும்பிட்டவளாச்சே, வருவாளான்னு யோசிக்க வேணாம், வந்திருப்பா. உன்னப் பாத்தா பயந்துக்கினு தள்ளிப் போவா. நீயே போய்ப் பேசு. பெத்தவ வயித்தெரிச்சல்ல தெரியாம சொல்லிட்டேன்னு அவகிட்ட சொல்லு. தாகத்துக்குத் தண்ணி குடுத்தவள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அம்மா மன்னாப்பு கேக்கச் சொன்னான்னு சொல்லுடா சகாயம்."

போதகர் ஐயா பத்திரிகையில் இந்த இடத்தை எடுத்துவிடுவாரோ என்னவோ. எடுத்தாலும் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். அவளிடம் சொல்லிவிடுவாய்தானே? என்னால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

இனி எந்த வியாழக்கிழமையும் வண்டி மாதனூரோடு திரும்பாது. டிரைவர் மாறலாம், வண்டி மாறலாம். டயருக்குக் காற்றடிக்கவும், ஒற்றைக் கையால் தள்ளிப் பார்க்கவும் நான் இருக்கிறேன். கடைசி மரத்தில் கடைசி ஆள் இருக்கும்வரை போவேன். இது சத்தியம்.

சோற்றைக் கம்மி பண்ணாத உன் தங்கச்சி,
எஸ்தர்